யோனாவின் மூன்றாம் நாள்

சாவியோடு ஐடா டீச்சர்
காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதியும் தந்தார்.
மீனுக்கு மூணு குருணை, நாலு ஆகாது.
வெள்ளிக்கிழமை வெள்ளம் மாற்று.
நாய்க்கு மரச்சீனி கொடுக்காதே, எவ்வளவு அழுதாலும்.
புதன்கிழமை பிளேன்.
ஷார்ஜாவில் மருமகளுக்குப் பேறுகாலம், இருபத்தாறு நாள்.
றசலம் சார் காரில் ஏறிய பிறகும் இறங்கிவந்து
மீன்தொட்டியை ஒருதடவை குனிந்து பார்த்துவிட்டுப் போனார்.
பாசம் என்று நினைத்தேன்.

மீனுக்குப் பேர் யோனா.
பேரன் வைத்தது.
ஓய்வுநாள் பள்ளியில் பாதிக் கதையோடு தூங்கியிருப்பான்.
நீல பைட்டர். வாலில் ஒரு சிவப்புக் கீறல்,
அவசரத்தில் நூல் மாற்றாமல் போட்ட ஓட்டுத்தையல் மாதிரி.

வியாழக்கிழமை பஞ்சாயத்துக்காரர்கள்
கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்டதை
யாரும் என்னிடம் சொல்லவில்லை.
அல்ல, சொன்னார்கள்.
நான் மெஷினில் இருந்தேன்,
ஞாயிறு கல்யாணத்துக்கு மூணு சுரிதார்.
தலையாட்டியிருக்கிறேன்.

வேதத்தில் மூன்றாம் நாள் யோனா வெளியே வந்தான்.
கருங்கலில் மூன்றாம் நாள் யோனா மல்லாந்தான்.

ஜாக்கெட் துண்டில் பொதிந்து
மார்த்தாண்டத்துக்கு பஸ் ஏறினேன்,
லைனிங் துணிக்கு நிறம் பார்க்கப் போவதுபோல.
பாலத்துக்குக் கீழே கடை.
கடைக்காரன் பேர் லாசர், நான் உண்டாக்கிச் சொல்லவில்லை.
செத்ததை வெளிச்சத்தில் பிடித்து
பாட்டில் பாட்டிலாக ஒப்பிட்டுப் பார்த்தேன்.
"இந்தக் கீறல் உள்ளது வேணும்."
"அக்கா, இது மீனாக்கும், சீலையில்ல."
நூற்றிருபது ரூபாய்.
கீறல் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி.

நான் போன ரெண்டு மணிநேரத்தில்
கர்னல் சங்கிலியைக் கழற்றியிருந்தது.
சுகுமாரன் அண்ணன் கொடியில் போட்டிருந்த
ரப்பர் ஷீட் பதினொண்ணு.
பத்தைக் கடித்துத் துப்பியிருந்தது.
பதினொன்றாவதில் ஒரு மூலையைக் காணவில்லை.
அண்ணன் என்னைப் பார்த்தார்.
நான் நாயைப் பார்த்தேன்.
நாய் வாயை நக்கிக்கொண்டது.

தக்கலை மாட்டாஸ்பத்திரியில் சொன்னார்கள்:
"பாப்போம், தானா வரும்."
அன்று இரவு நாய் அழுதது. நானும்தான்.
கட்டளையை மீறினேன்:
மரச்சீனி, சாளைக் குழம்பு விட்டுப் பிசைந்தது.
ஒரு சருவம்.
மூன்றாம் நாள் காலை, பப்பாளி மூட்டில்,
வரிவரியான அச்சு அழியாமல் அது வெளியே வந்தது.
கையெடுத்துக் கும்பிட்டேன்.
எதைக் கும்பிட்டேன் என்று யாரும் கேட்கவேண்டாம்.

வீடியோவில் பேரன், "யோனாவைக் காட்டு."
போனைக் கோணலாகப் பிடித்தேன்.
"தடிச்சுப் போச்சு!" என்றான்.
"நல்லா தின்னுது மக்கா."
அவனுக்குப் பின்னால் றசலம் சார்
சட்டென்று சுவரைப் பார்த்தார்.
நெட் சிக்கியது. என் வாழ்நாளில் முதல்தடவை
அந்தக் கம்பெனிக்கு நன்றி சொன்னேன்.

திரும்பிவந்த அன்று
ஈச்சம்பழப் பொட்டலத்தோடு சார் முதலில் வந்தார், தனியே.
தொட்டியின் முன் குனிந்தார்.
வெகுநேரம் நிமிரவில்லை.
"பிள்ளே, லாசருக்க கடைதானே?"
எனக்கு நாக்கு எழும்பவில்லை.
"நான் மாத்தினது மூணு. இது நாலு.
டீச்சருக்குத் தெரியாது. பயலுக்கும்."
பிறகு கொஞ்சம் பொறாமையோடு,
"கீறல் உள்ளது எனக்கு ஒருதடவையும் கெடைக்கல்ல" என்றார்.

சாயங்காலம் டீச்சர் கேட்டுக்கு வந்தார்.
கர்னலின் வயிற்றில் கைவைத்தபடி,
"விஜிலா, உள்ளதைச் சொல்லு.
மரச்சீனி கொடுத்தியா?"
கொடுத்தேன் என்றேன்.
அதற்குத்தான் திட்டு.
அதற்கு மட்டும்தான்.

சுகுமாரன் அண்ணனுக்கு ரப்பர் பைசாவுக்குப் பதிலாக
அவர் வீட்டுக்காரிக்கு அஞ்சு ஜாக்கெட், கூலியில்லாமல்.
மூணு தைத்தாயிற்று.
நாலாவதைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள்,
லைனிங் நிறம் சேரவில்லையாம்.